தட்டின் எடையும் வெப்பத்தின் கணக்கும்

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக்கும் கருவி. 1902-இல் இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் வட்டத்தட்டு பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். 1969-இல் ஹோண்டா சிபி750 அதனை மோட்டார் சைக்கிள்களில் பரவலாக்கியது. அடுத்து எழுந்தது எடைக்குறைப்பு வேட்கை. 1976-இல் பயணிகளுடன் பறக்கத் தொடங்கிய கான்கார்டு விமானத்தில் கார்பன் தட்டுகள் இருந்தன. 1996-இல் லோட்டஸ் எலிஸ் கார் அலுமினியக் கலப்புத் தட்டுகளுடன் வந்தது.

சக்கரத்தோடு சுழலும் எடை குறைந்தால் வண்டி எளிதில் திரும்பும், உண்மைதான். ஆயினும் பந்தயக் கார்பன் தட்டு சூடேறினாலன்றி முழுமையாகப் பிடிக்காது. அலுமினியமோ மிகுசூட்டில் இளகும். நெடும்பயணிக்கு விடியற்குளிரின் முதல் திருப்பத்திலும் வண்டி நிற்க வேண்டும். இருவரும் மூட்டைகளுமாய் மலையிறங்கும்போதும் நிற்க வேண்டும்.

ஆகவே, தட்டின் எடையைக் கேட்குமுன் அது எந்த வெப்பத்தில் பிடிக்கும், எந்த வெப்பத்தில் தளரும் என்று கேட்பதே முறை.