முஸ்தன்ஸிரிய்யாவின் ஒரு தீனார்

அப்பாஸிய கலீஃபா முஸ்தன்ஸிர் பில்லாஹ் பக்தாதில் எழுப்பிய முஸ்தன்ஸிரிய்யா மதரஸா ஹிஜ்ரி 631இல், அதாவது கி.பி. 1234இல், திறக்கப்பட்டது. நான்கு மத்ஹபுகளுக்கும் தலா 62 மாணவர்கள். உணவு, உறைவிடம், அதற்கு மேல் மாதந்தோறும் ஒரு தீனார். செலவு முழுவதும் வக்ஃபுச் சொத்துகளின் வருமானம். மாணவர் ஒரு திர்ஹமும் திருப்பித் தர வேண்டியதில்லை. அங்கே உதவி என்றால் கொடை.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டமோ மானியத்தையும் வட்டிக் கடனையும் மாணவர் உதவி என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்தது. இதை வெறும் சொற்குழப்பமென்று தள்ள இயலவில்லை. அங்குள்ள கல்லூரிகளின் உதவிக் கடிதங்கள் பலவற்றில் இரண்டும் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன. ‘அன்சப்சிடைஸ்டு’ எனக் குறித்த தொகைக்குப் படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறும். அங்கு வாழும் நம்மவர் கடன் வரிகளை நீக்கிவிட்டு, எஞ்சிய மானியத்தையே கட்டணத்தோடு ஒப்பிட வேண்டும்.