குழந்தைக் காப்பு இருக்கை: விமானப் பிரயாணத்தில்

குழந்தைக் காப்பு இருக்கை என்பது, வாகனத்தில் செல்லும் சிறு குழந்தையைத் தோளிலும் இடுப்பிலும் வார்களால் பிணைத்து, திடீர் அதிர்ச்சியினின்றும் காக்கும் சாதனமாகும். வழக்கில் இதனைக் கார் சீட் என்பர்.

பிரயாணத்தின் தன்மை: தருமபுரி மாவட்டத்தில் பயணியர் விமான நிலையம் இல்லாமையால், இங்குள்ள குடும்பத்தார் சேலத்தை அடுத்த காமலாபுரத்துக்கோ, 2008-இல் திறக்கப்பெற்ற பெங்களூரு கெம்பேகவுடா நிலையத்துக்கோ சாலை வழியே சென்றுதான் விமானம் ஏறுகின்றனர். 2003-இல் பெங்களூரிலிருந்து ஏர் டெக்கான் தொடங்கிய குறைந்த கட்டணச் சேவை, ஆகாயப் பிரயாணத்தைச் சாமானியருக்கும் எட்டச் செய்தது. எனினும், காமலாபுரம் செல்வோர், பாரலாரிகள் பிரேக் பிடிக்காமல் விபத்துக்குள்ளாகும் தொப்பூர்க் கணவாயின் நெடிய இறக்கத்தைக் கடந்தே ஆக வேண்டுமாதலின், இவ்விருக்கையின் முதற்பயன் வானத்திலன்று, சாலையிலேயே விளைவதாகும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையை இருக்கை வாராலோ காப்பு இருக்கையாலோ பிணைக்காமல் வண்டியில் ஏற்றிச் செல்வோர்க்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது.

விமானத்தில் பயன்பாடு: இரண்டு வயது நிறையாத குழந்தை, தாய் தந்தையர் மடியில், அவர்தம் வாரோடு கோத்த சிறு வாரால் பிணைக்கப்பெற்றுச் செல்லலாம். காப்பு இருக்கையை விமானத்துள் அமைக்க விரும்புவோரோ, குழந்தைக்கெனத் தனி டிக்கெட் வாங்குதல் அவசியம். விமான இருக்கையில் இடுப்பு வார் மட்டுமே உண்டாதலால், அவ்வாரினால் கட்டத்தக்கதும், விமானத்துக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற முத்திரை உடையதுமான இருக்கையே ஏற்கப்படும். பிறர் வெளியேறும் வழி தடைப்படாவண்ணம் அதனை ஜன்னலோரத்தில் வைப்பது மரபு. அவசர வாயில் வரிசையில் வைத்தல் ஆகாது. தோள்வார் இல்லாத பூஸ்டர் பலகை, விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் பயன்படாது. நிறுவனந்தோறும் விதி வேறுபடுவதால், டிக்கெட் பதியும்போதே சம்மதம் கேட்டறிதல் நலம்.

அவசியம்: பத்து கிலோ எடையுள்ள குழந்தை, புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசையால் உந்தப்படுங்கால் தொண்ணூறு கிலோப் பளுவாகிவிடும், எத்துணை அன்புடைய கரங்களும் அதனைத் தாங்கா. 1989 ஜூலை 19-இல் அமெரிக்காவின் சூ நகரில் யுனைடெட் விமானம் விபத்துக்குள்ளானபோது, மடிக்குழந்தைகள் நால்வருள் ஒருவர் மாண்டார். அதுமுதல் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமென்னும் கோரிக்கை அந்நாட்டில் வலுத்தது.

தனி டிக்கெட்டுக்கு வசதியற்ற பெற்றோர், காப்பு இருக்கையைத் தடித்த உறையிலிட்டுச் சரக்காகவேனும் உடன் கொண்டு செல்வாராக. இறங்கிய ஊரின் சாலையிலும் குழந்தைக்கு அதுவே துணையாகும்.