மண்டகப்பட்டுக் கல்வெட்டும் கொத்தர் தொழிலும்

செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றிக் கோயில் சமைத்ததாக, 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டு வடமொழிக் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். இவ்விலக்குப் பட்டியலே முன்பு கோயில் எழுப்பியோருள் செங்கற்கொத்தர் இருந்தமைக்குச் சான்றாகும். சாளுவன்குப்பத்தில் 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கற்கோயில் இதற்கு வலுச்சேர்க்கும்.

தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைக் காத்துள்ளது. செங்கல் அடுக்கியோர்க்கு அப்பேறு அரிது.

இத்தொழிற்கல்வி பெரிதும் கைவழிப்பட்டது. சித்தாளாய்க் கல்லும் சாந்தும் சுமந்து, நூல்பிடிக்கவும் தூக்குக்குண்டு பார்க்கவும் பழகியவனே கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான். உடன்சுமக்கும் பெண்டிரோ பெரும்பாலும் இறுதிவரை சித்தாளாகவே நிற்கின்றனர். சித்தாள் இருபாற்பொதுச்சொல், கொத்தனாருக்குப் பெண்பாற்சொல் வழக்கில் நிலைபெறவில்லை.