பிறந்தநாள் பொட்டலம்

பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுப்பது இப்போது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. ஒரு கேக் துண்டு, ஒரு சமோசா, கொஞ்சம் சிப்ஸ், மாம்பழச் சாறு ஒன்று. "இலை போட்டுப் பரிமாறத் தெரியாத காலம், எல்லாம் அமெரிக்கப் பழக்கம்" என்று நம் வயதுக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

அட்டைப் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1879-இல் நியூயார்க்கில் ராபர்ட் கேர் என்பவர் காகிதப் பை தொழிற்சாலை நடத்திவந்தார். இயந்திரத்தில் மடிப்புக்கோடு போடவேண்டிய இரும்புப் பட்டை தவறிப்போய்ப் பைகளை வெட்டிவிட்டது. நஷ்டம்தான். ஆனால் ஒரே அழுத்தில் வெட்டும் மடிப்பும் விழச் செய்யலாம் என்று அவருக்கு அதில் பொறி தட்டியது. தட்டையாக அடுக்கிவைத்து, வேண்டும்போது மடித்துக்கொள்ளும் பெட்டி அப்படிப் பெருகியது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1979-இல், மெக்டொனால்ட்ஸ் பிள்ளைகளுக்கென்று சாப்பாட்டையும் பொம்மையையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. அந்தக் கடை இந்தியாவுக்கு வந்தது 1996-இல்.

ஆளுக்கொரு பங்கு என்பது மட்டும் நமக்குப் புதிதல்ல. கோயில் தொன்னை வேறென்ன? பிறந்தநாளுக்கும் கோயிலுக்கும் உள்ள தொடர்பும் பழையது. ராஜராஜ சோழன் பிறந்த சதய நட்சத்திரம் தஞ்சையில் இன்றும் ஐப்பசியில் விழாவாகிறது. நம் வீடுகளிலும் நட்சத்திரம்தான் கணக்கு. எண்ணெய்க் குளியல், அர்ச்சனை, பாயசம், அவ்வளவுதான். தேதி பார்த்துக் கொண்டாடும் பழக்கத்துக்குப் பிறப்புப் பதிவேடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். உத்தியோகத்தில் இருந்தபோது பிரெஞ்சுக் காலத்துப் பதிவேடுகளை நிறையப் புரட்டியிருக்கிறேன். நாள், மாதம், வருஷம், மணி எல்லாம் எண்ணில் இல்லாமல் எழுத்திலேயே நீட்டி எழுதியிருப்பார்கள். நட்சத்திரத்துக்கு அதில் இடமே கிடையாது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். வகுப்பில் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். சைகோன் போய்வந்த குடும்பங்கள். அவர்கள் வீட்டு ஞானஸ்நானத்துக்கு 'திராழே' கொடுப்பார்கள். பாதாம்பருப்பின்மேல் சர்க்கரை பூசியது. சின்னப் பெட்டியில் ஐந்தாறு இருக்கும். பிரான்சில் வெர்தன் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. கடிக்கப் பல் வேண்டும், இப்போது என்னால் ஆகாது! விருந்துக்கு வராதவர்கள் வீட்டுக்கும் அந்தப் பெட்டி போய்ச்சேரும். எங்கள் அம்மாவுக்கு அது பிடித்துப்போனது.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு முடிந்தது. வகுப்புப் பையன்கள் பதினான்கு பேரைக் கூப்பிடவேண்டும் என்று அடம்பிடித்தேன். வேதக்காரர், துலுக்கர், எங்கள் சாதிக்காரர் எல்லாரும் உண்டு. சேரியிலிருந்து வந்த ஒரு பையனும் உண்டு. பாட்டி உடனே இடம் பிரித்தாள். சிலருக்குக் கூடம், சிலருக்குத் தாழ்வாரம், அவனுக்கு வாசல்.

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து புளியோதரை கிளறினாள். வாழையிலையை அனலில் வாட்டி, ஆறிய சோறு, இரண்டு மசால்வடை, ஒரு ரவாலட்டு, ஒரு பாரி மிட்டாய் என்று வைத்து வாழைநாரால் கட்டினாள். என்னோடு சேர்த்துப் பதினைந்து பொட்டலம், எல்லாம் ஒரே அளவு. "வீட்டுக்குள்ள யாருக்கும் இலை இல்ல. எல்லாரும் கடற்கரைக்குப் போய்ச் சாப்பிடுங்க" என்றாள். பாட்டி வாயைத் திறக்க வழியில்லை.

பழைய கலங்கரை விளக்கத்துப் பக்கம் வரிசையாக உட்கார்ந்து பிரித்தோம். எவன் வடை எவன் வாய்க்குப் போனது என்று கணக்கில்லை. சேரியிலிருந்து வந்தவன் மட்டும் மிட்டாயைத் தின்றுவிட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டான். வீட்டில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அம்மா அடுத்த வருஷம் ஒவ்வொரு பொட்டலத்திலும் லட்டை மூன்றாக்கினாள்.

அம்மா அன்று பெரிய புரட்சி செய்துவிட்டாள் என்று நான் எழுதமாட்டேன். பாட்டியின் ஆசாரம் கெடவில்லை, வீட்டு நிலைப்படியை அந்தப் பையன் தாண்டவும் இல்லை. பொட்டலம் ஒரு மரியாதை, கூடவே ஒரு மழுப்பலும்தான். இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கலாமே என்று பின்னாளில் நினைத்ததுண்டு. கூட்டுக்குடும்பத்தில் மூன்றாவது மருமகளுக்கு எவ்வளவு பேச்சு இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். அவள் கைக்கு எட்டியது அடுப்பும் இலையும்தான்.

இன்றைய பெட்டிக்கும் அதே உபயோகம் உண்டு. முட்டை சேராத பிள்ளை, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, எல்லாருக்கும் கையில் ஒரே மாதிரிப் பெட்டி. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபிறகு பாக்குமட்டைத் தட்டும் மந்தாரை இலையும் கடைகளில் மறுபடி தலைகாட்டுகின்றன. பெட்டியில் சோறு வைப்பவர்கள் நன்றாக ஆறவிட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, வடை நமுத்துவிடும். வருகிற பிள்ளைகளின் தலையை எண்ணி, மேலே நாலைந்து பெட்டி சேர்த்தே கட்டுங்கள். தம்பி தங்கை இல்லாத பிள்ளைக்கும் வீட்டில் பாட்டி இருப்பாள்.