அறிவுக்குத் துலாக்கோல் உண்டோ?

எப்பொருளையும் அளந்தறிய விரும்புவது மனித இயல்பு. நிலத்தைச் சங்கிலியாலும், நெல்லை மரக்காலாலும், பொன்னைத் துலாக்கோலாலும் அளந்த மனிதன், விஞ்ஞானியின் உழைப்பையும் அளக்கத் தலைப்பட்டான். ஒருவர் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார், யார் யாரோடு கூடி எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணி, அக்கணக்கைக் கொண்டே அவருக்கு உத்தியோகமும் உயர்வும் பொருளுதவியும் அளிக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இவ்வழக்கம் எந்நோக்கத்துடன் தோன்றியது, இன்று எந்நிலையை அடைந்துள்ளது என்பதை ஆராய்வது நமக்குப் பயன் தரும். அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு பகுதி நம் சிங்கப்பூரிலேயே நிகழ்ந்தது என்பதை நம்மவரிற் பலர் அறியார்.

முதன்முதல் இக்கணக்கில் இறங்கியோர் எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ எண்ணினாரில்லை. அமெரிக்காவில் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பணியாற்றிய ஆல்பிரட் லோட்கா என்பார், இரசாயனம், பௌதிகம் ஆகிய துறைகளில் கட்டுரை எழுதியோரின் பெயர்களை எண்ணி, 1926ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரே ஒரு கட்டுரை எழுதியவர் நூறு பேர் எனின், இரண்டு எழுதியவர் ஏறத்தாழ 25 பேர். மூன்று எழுதியவர் 11 பேர். பத்து எழுதியவர் ஒருவரே. விஞ்ஞானத்தில் மிகுதியாக எழுதுவோர் மிகச் சிலர் என்பது இதனால் விளங்கிற்று. மறு ஆண்டில், கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கலாசாலையில் குரோஸ் என்னும் பெயருடைய இருவர் வேறொரு கேள்வியை எழுப்பினர். சிறிய கலாசாலையொன்று தன் சொற்பப் பணத்தைக் கொண்டு எந்தெந்த இரசாயன ஏடுகளை வாங்கினால் மாணவர்க்குப் பயன்படும்? அமெரிக்க இரசாயன சங்கத்தின் ஏட்டில் 1926ஆம் ஆண்டுக்குரிய கட்டுரைகளிற் கண்ட 3,633 மேற்கோள்களையும் எண்ணி, எந்த ஏடு மிகுதியாக எடுத்தாளப்படுகிறது என்று கண்டனர். எந்தச் சரக்கு அதிகம் செலவாகிறது என்று பார்த்துக் கொள்முதல் செய்யும் வியாபாரியின் அறிவு இது. நூல்நிலையத்துக்கு வேண்டிய கணக்கு, அவ்வளவே.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1940களின் இறுதியில் புக்கித் தீமா சாலையிலிருந்த ராபிள்ஸ் கலாசாலையில் கணிதம் கற்பிக்க வந்தவர், டெரிக் டி சோலா பிரைஸ் என்னும் ஆங்கில இளைஞர். அவர் 1922இல் லண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, பரிசோதனைச் சாலையில் உதவியாளராக இருந்து கொண்டே படித்துப் பட்டம் பெற்றவர். அக்காலை ராபிள்ஸ் கலாசாலையின் நூல்நிலையம் கட்டப்பட்டு வந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1665 முதல் வெளியிட்டு வந்த புகழ்பெற்ற ஏட்டின் தொகுதிகள், 1850 வரைக்கும் உரியவை, கலாசாலைக்கு வந்திருந்தன. வைக்க இடமில்லாமையால் அவற்றைத் தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்ற பிரைஸ், பத்தாண்டுக்கு ஓர் அடுக்காகப் படுக்கையருகே அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் படிக்கலானார். ஒருநாள் அவ்வடுக்குகளின் உயரத்தை நோக்கியவர் வியப்புற்றார். அடுக்குகள் படிப்படியாக உயராமல், வட்டிக்கு வட்டி ஏறுவது போல வளைந்து உயர்ந்திருந்தன! வேறு ஏடுகளையும் எண்ணிப் பார்த்தார். அங்கும் அதே வளைவு. 1950இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய விஞ்ஞான வரலாற்று மகாநாட்டில் தம் முடிவை எடுத்துரைத்தார். ராபிள்ஸ் கலாசாலையோ, 1949இலேயே மருத்துவக் கலாசாலையுடன் இணைந்து மலாயா சர்வகலாசாலையாகிவிட்டது.

பின்னர் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் பேராசிரியரான பிரைஸ், தம் ஆராய்ச்சியை விரித்து நூல்கள் எழுதினார். 1750இல் பத்தளவில் இருந்த விஞ்ஞான ஏடுகள், ஐம்பதாண்டுக்குப் பத்து மடங்காகப் பெருகி 1900இல் பதினாயிரத்தை எட்டின என்று அவர் காட்டினார். இவ்வளர்ச்சி இப்படியே செல்லுமாயின் உலகிலுள்ள மக்கள் தொகையினும் விஞ்ஞானிகளின் தொகை மிகுந்துவிடும். ஆகவே என்றேனும் அது தளர்ந்தே தீரும் என்றும் கூறினார். இத்துணை எண்ணிக்கை செய்த அவரே, 1963இல் வெளியான நூலில், ஐன்ஸ்டீனின் ஒரு கட்டுரையும் பெயரறியாத ஒருவரின் நூறு சாதாரணக் கட்டுரைகளும் ஒரே தராசில் நிற்கமாட்டா என்று எச்சரித்தார். இவ்வெச்சரிக்கையை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

மேற்கோள்களை எண்ணுவதற்கு வேண்டிய பெருங்கருவியைச் செய்தவர் யூஜீன் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர். வழக்கறிஞர்களிடையே 1873 முதல் வழங்கிய ஒரு குறிப்பேட்டிலிருந்து அவர் பாடம் கற்றார். பழைய தீர்ப்பொன்றைப் பின்வந்த நீதிமன்றங்கள் எங்கெங்கு ஏற்றன, எங்கு தள்ளின என்பதை அக்குறிப்பேடு காட்டும். தள்ளுபடியான தீர்ப்பைக் காட்டி வாதாடி ஏமாறாதிருக்க அது துணை செய்யும். விஞ்ஞானத்திலும் இத்தகைய ஏடு வேண்டும் என்று 1955இல் அவர் எழுதினார். பிழையான கட்டுரையையும், பொய்யான சான்றையும், காலங்கடந்த முடிவையும் ஆராயாமல் எடுத்தாளும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. 1961ஆம் ஆண்டின் 613 ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்களைத் திரட்டி, 1960களின் நடுவிற்குள் அவர் தம் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளிக்கொணர்ந்தார்.

வாசகர்கள் இவ்விடத்தில் சிறிது நின்று சிந்திக்க வேண்டுகிறேன். இக்கருவி பிறந்தது ஐயத்திலிருந்து. பெரியோர் சொன்னார் என்பதற்காக நம்பாதே. பின்வந்தோர் அதை ஏற்றனரா, மறுத்தனரா என்று தேடிப் பார் என்பதே அதன் உபதேசம். நாம் போற்றும் பகுத்தறிவுக்கு இதனினும் ஏற்ற துணை யாது?

ஆனால் நடந்தது வேறு. எந்த ஏடுகளை அட்டவணையிற் சேர்ப்பது என்று தெரிந்தெடுக்க, ஏட்டின் கட்டுரைகளுக்குச் சராசரி எத்தனை மேற்கோள் என்று ஓர் எண்ணை வகுத்தனர். 1975 முதல் ஆண்டுதோறும் வெளியான அவ்வெண், ஏட்டின் மதிப்பாகி, பின்பு அதில் எழுதியவரின் மதிப்பும் ஆயிற்று. 2005இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் மனிதருக்கே ஓர் எண்ணை வகுத்துக் கொடுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருப்பின், அவர் எண் 20. ஜாதகம் பார்த்துப் பெண் கொடுப்பதைக் கண்டிக்கும் படித்தவர்களே, இவ்வொற்றை எண்ணைப் பார்த்து ஆளைத் தேர்கின்றனர்!

அடியேன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பர் மரம் சீவுவோர் கொண்டுவரும் பாலை நிறுத்து ஏட்டிற் பதிவது என் கடமைகளுள் ஒன்று. அந்நிறுவை இல்லையேல் கூலியில் நியாயம் இராது. கண்ணுக்கு வேண்டியவன் என்றும் வேண்டாதவன் என்றும் பேதம் புகுந்துவிடும். ஆயினும் ஒருவர் நிரை மேட்டில் முதிர்ந்த மரங்களைக் கொண்டது. மற்றொருவர் நிரை இளமரங்கள் நிறைந்தது. ஒருவர் கத்தியை ஆழ ஓட்டிப் பட்டையைப் புண்படுத்தி இன்று மிகுதியாகப் பால் கொணர்கிறார். மற்றொருவர் மரத்தைக் காத்து அளவாகக் கொணர்கிறார். என் ஏட்டில் இவை ஏறுவதில்லை. நிறுவை பொய் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்கு அது விடை சொல்லாது.

விஞ்ஞானிகளின் கணக்கும் இத்தகையதே. உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட கட்டுரை, புரதத்தை அளக்கும் முறையைக் கூறி 1951இல் லௌரி முதலியோர் எழுதியது. 2014க்குள் மூன்று லட்சம் மேற்கோள்களுக்கு மேல் பெற்றது. உயிரின் மரபுப் பொருளின் அமைப்பை விளக்கிய 1953ஆம் ஆண்டு வாட்சன், கிரிக் கட்டுரையோ, அவ்வாண்டில் கணக்கிடப்பட்ட முதல் நூறு கட்டுரைகளுள் இடம் பெறவில்லை. பட்டாணிச் செடிகளைக் கொண்டு பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டலின் கட்டுரை 1866இல் அச்சேறியது. அவர் 1884இல் மறைந்தார். 1900இல்தான் உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. அவர் உயிரோடிருந்த நாளில் இவ்வெண்ணைக் கொண்டு அளந்திருந்தால் அவருக்கு என்ன உத்தியோகம் கிடைத்திருக்கும்?

துறைக்குத் துறை வழக்கமும் வேறு. கணித அறிஞர் சில மேற்கோள்களோடு எழுதுவார். உயிர்நூல் ஆராய்வோர் பல மேற்கோள்களை அடுக்குவர். இரு துறையினரின் எண்களை அப்படியே ஒப்பிடுதல், படியையும் முழத்தையும் ஒப்பிடுதல் போலாம். கூட்டுழைப்பு மற்றொரு சிக்கல். 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி வெளியான ஒரு கட்டுரைக்கு ஆசிரியர் 5,154 பேர். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிலையங்களுக்குமே செலவாயின. அவர்களுள் ஒருவர் பங்கை எவ்வெண் பிரித்துக் காட்டும்? இன்னும், இவ்வட்டவணைகளில் ஆங்கில ஏடுகளே பெரும்பான்மை. தாய்மொழியில் தம் மக்களுக்காக எழுதும் ஆராய்ச்சியாளரின் உழைப்பு அவற்றிற் சிறுபான்மையே தோன்றும். சர்வகலாசாலைகளின் உலக வரிசைப் பட்டியல்களுள் சில மேற்கோள் எண்ணிக்கையையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. ஆதலின் இது நமக்கு அந்நியமான விவகாரமன்று.

அப்படியாயின் எண்ணிக்கையே வேண்டாமா? அவ்வாறு கூறுதல் அறிவுடைமையாகாது. எண் இல்லாத இடத்தில் சிபாரிசு ஆட்சி செய்யும். குலமும் செல்வமும் உறவும் ஆளைத் தேரும். தையற்காரர் மகனுக்குத் துணை நிற்கும் சான்றுகளுள் எண்ணும் ஒன்று. எனவே எண்ணைத் தொலைக்க வேண்டா. அதனைத் தொழவும் வேண்டா. 2012 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய ஆராய்ச்சி ஏடுகளின் ஆசிரியர்களும் வெளியீட்டாளரும், ஏட்டின் எண்ணைக் கொண்டு ஆளை மதிப்பிடலாகாது என்று பிரகடனம் வகுத்தனர். 2015இல் லைடன் நகரின் பெயரால் வெளியான அறிக்கை, கற்றவரின் தீர்ப்புக்கு எண் துணையாக நிற்க வேண்டும். அதன் இடத்தைப் பறிக்கலாகாது என்று விதித்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை.

பிரைஸ் அந்த அடுக்குகளின் உயரத்தைக் கண்டு வியந்தார். ஆனால் அதற்கு முன் அத்தொகுதிகளைப் படித்தார். இக்காலத்தில் அளப்போர் பலர் படிப்பதில்லை. ஒருவர் அறிவை மதிப்பிட விரும்புவோர் அவர் எழுதியதைப் படித்தல் வேண்டும். எண்ணிக்கை அதன்பின் வருக.