மூக்குச் சதை போன வழி

அது பிறக்கும் இடம் பெரும்பாலும் மூக்கின் பக்கச் சுவர். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். ஐம்பது, அறுபது வயதில், பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். மூக்கில் வளரும் மற்றச் சதைகள் வெளியே துருத்தி நிற்கும். இதன் மேற்படலமோ உள்ளே மடிந்து அடித்திசுவுக்குள் விரல்விரலாக இறங்கும். இன்வெர்டட் பாப்பிலோமா என்கிறார்கள். புற்றுநோய் அல்ல. ஆனால் எலும்பை அரிக்கும், வெட்டினாலும் திரும்பி வரும், நூறில் ஐந்து முதல் பத்துப் பேரிடம் புற்றுநோயும் சேர்ந்திருக்கும். பரமசாது என்று சொல்லிவிட முடியாது.

தெஹியோவிட்டையைச் சுற்றியுள்ள இறப்பர் தோட்டங்களில் இதற்குக் கிடைக்கும் முதல் பெயர் பீனிசம். விடியலில் பால் வெட்டப் போகிறவருக்கு மூக்கடைப்பு ஒரு செய்தியே இல்லை. ஆவி பிடிப்பார், தைலம் தடவுவார், தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவார். வருடம் ஓடிவிடும். பீனிசம் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் படுத்தும். ஒரே பக்கம் மாதக்கணக்கில் அடைத்து, சில நாள் இரத்தமும் கசிந்தால், அதை மாத்திரையோடு விடக்கூடாது.

ஊர் கேகாலை மாவட்டம்தான். ஆனால் ஹட்டன் வீதியில் பஸ் ஏறுகிறவருக்கு அவிசாவளை பக்கம், அதையும் தாண்டினால் கொழும்பு. சதையும் அந்த வழியே போகிறது, முதலில் மூக்குக்குள் இருந்தபடி. காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் எண்டோஸ்கோப்பை உள்ளே விடும்போதுதான் அது முதன்முதலாக வெளிச்சம் காண்கிறது. ஒரு துணுக்கைக் கிள்ளி போர்மலின் போத்தலில் போடுவார்கள். அதன்பிறகு துணுக்குக்குத் தனி வழி. ஆய்வுகூடத்தில் மெழுகுக் கட்டிக்குள் அடைபட்டு, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவப்பட்டு, ஊதாவும் ரோஸும் ஏறி, நுண்ணோக்கியின் கீழ் வந்து படுக்கும். உள்ளே மடியும் இந்தக் குணத்தை 1938இல் சுவீடன் நாட்டு நில்ஸ் ரிங்கெர்ட்ஸ் விவரித்தார். இன்றைக்கும் தேடுவது அதைத்தான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. அமெரிக்க மருத்துவர் ஜோன் க்ரௌஸ் 2000இல் நான்கு படிகள் வகுத்தார். மூக்குக்குள் மட்டும் இருந்தால் டி1. கண்களுக்கிடையே உள்ள எத்மொயிட் அறைகளுக்கோ கன்னத்துச் சைனஸின் உட்சுவருக்கோ போயிருந்தால் டி2. அந்தச் சைனஸின் மற்றச் சுவர்கள், நெற்றிச் சைனஸ், ஆழத்தில் இருக்கும் ஸ்பெனொயிட் வரை எட்டியிருந்தால் டி3. கண்குழி, மூளை என்று எல்லை தாண்டினாலோ புற்றுநோய் கலந்திருந்தாலோ டி4.

சதை எங்கே பரவியது என்று சொல்ல இந்த வரைபடம் நல்லது. திரும்பி வருமா என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறும். முதலிரண்டு படிகளுக்கும் அந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2007இல் கன்னடி குழுவினர் கேள்வியையே திருப்பிப் போட்டு, திரும்பி வந்த கணக்கை வைத்துப் பிரித்தார்கள். மூக்கு, எத்மொயிட், கன்னச் சைனஸின் உட்சுவர் வரை நூற்றுக்கு 3. மற்றச் சுவர், நெற்றி, ஸ்பெனொயிட் என்றால் ஏறக்குறைய 20. சைனஸ்களுக்கு வெளியே போய்விட்டால் 35. நோயாளி கேட்பதற்கு இதுதான் நேரான பதில் என்று எனக்குப் படுகிறது.

ஏன் இத்தனை வித்தியாசம்? சைனஸ் நிறையச் சதை தொங்கினாலும் அது முளைத்த இடம் சிறியதாக இருக்கலாம். இலுக்குப் புல்லை மேலாகச் செதுக்கிவிட்டுப் போனால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். திரும்பி வருவது பெரும்பாலும் பழைய இடத்திலேயே; புதிதாக முளைத்தது என்பதைவிட விட்டுப்போனது என்பதே சரி. நெற்றிச் சைனஸிலும் கன்னச் சைனஸின் முன்சுவரிலும் கருவி எட்டுவது கடினம், அங்கேதான் மிச்சம் தங்கும். சி.டி. ஸ்கேனில் எலும்பு ஓரிடத்தில் மட்டும் தடித்துத் தெரிந்தால் வேர் அங்கே என்று ஊகிக்கலாம். முன்பெல்லாம் மூக்கோரம் முகத்தைக் கீறித் திறந்தார்கள். இப்போது பெரும்பாலும் எண்டோஸ்கோப் வழியாகவே சதையை எடுத்து, வேர் பிடித்த எலும்பையும் டிரில்லால் தேய்த்துவிடுகிறார்கள்.

வெளியே வந்த சதையைப் பல போத்தல்களில் பிரித்து அனுப்புவது நல்ல பழக்கம். பெரிய போத்தலில் இருப்பது கனம். வேர் இருந்த இடத்திலிருந்து எடுத்து, இடப்பெயர் எழுதி அனுப்பும் சின்னப் போத்தலில்தான் விஷயம். முதலில் கிள்ளிய துணுக்கில் தப்பிய புற்றுநோய் முழுச் சதையையும் பார்க்கும்போது அகப்படுவதும் உண்டு.

பிறகு கிளினிக். திரும்பி வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள். அதற்குப் பின்னாலும் வரும். அதனால் வருடக்கணக்கில் எண்டோஸ்கோப் பார்க்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஆனால் கிளினிக் நாளில் தோட்டத்தில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போகும். பஸ் காசு கைக்காசு. மூக்கடைப்பு நன்றாக விட்டுவிட்ட பிறகு எதற்குப் போவது என்று தோன்றுவது இயல்பு. படி என்னவாக இருந்தாலும், இந்தப் பயணத்தை யார் விடாமல் செய்வார் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. மருத்துவர்கள் அதையும் கேட்டுவிட்டுத் தேதி கொடுத்தால் நல்லது.

சதையின் மெழுகுக் கட்டியை ஆய்வுகூடத்தில் எண் போட்டு வைப்பார்கள். மறுபடி வளர்ந்தால் பழையதையும் புதியதையும் ஒப்பிட அது உதவும். அந்த எண் பெத்தோலொஜி ரிப்போர்ட்டில் இருக்கும். டயக்னோசிஸ் கார்டோடு ரிப்போர்ட்டின் ஒரு கொப்பியையும் கேட்டு வாங்கி, வீட்டில் அடையாள அட்டை இருக்கிற பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.