நெல்லுக்கு விலங்கு: 1952இல் சென்னை மாநிலம் எடுத்த முடிவு

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ள மண்ணச்சநல்லூரின் பெயரைக் கேட்டதும் நம் மக்களுக்கு அரிசிதான் நினைவுக்கு வரும். நெல்லை அவித்து, களத்தில் உலர்த்தி, அரைத்துத் தரும் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர் இது. இங்கிருந்து புறப்படும் பொன்னி மூட்டை இன்று எந்த மாவட்டத்திற்கும் செல்லலாம். 1950ஆம் ஆண்டில் அவ்வாறு இயலாது. அனுமதிச் சீட்டின்றி நெல் மாவட்ட எல்லையைத் தாண்டினால் அது குற்றம். உழவர் தம் விளைச்சலில் அரசு குறித்த அளவை, அரசு குறித்த விலைக்கே அளக்க வேண்டும்.

இக்கட்டுப்பாடு வீம்புக்காகப் பிறந்ததன்று. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் இரங்கூன் அரிசியின் வரவு நின்றது. அவ்வரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணம் தவித்தது. இரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களுள் பல, கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பிய கதை நம் முன்னோர் வாய்வழி அறிந்ததே. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அந்நிலையில் பங்கீடு தேவையாயிற்று என்பதை எவரும் மறுக்க இயலாது.

போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. அதை நீக்குமாறு காந்தியடிகள் வற்புறுத்தினார். 1947 டிசம்பரில் மத்திய அரசு தளர்த்தத் தொடங்கியது. விலை விர்ரென்று ஏறியது. 1948 முடிவதற்குள் பழைய கட்டுப்பாடு மீண்டும் வந்தது. இத்தோல்வியே பின்னர் ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் எடுத்துக்காட்டும் சான்றாயிற்று. 1951இல் நாளொன்றுக்கான தானியப் பங்கீடு 12 அவுன்சிலிருந்து 9 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. மறுபுறம் கறுப்புச் சந்தையில், பணம் உள்ளவருக்கு அரிசி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

1952 தேர்தலில் சென்னையில் காங்கிரசுக்குத் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஏப்ரலில் முதலமைச்சரான இராஜாஜி, சூன் மாதத்திலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அவருக்குத் துணை நின்றவர், அப்போது மத்திய உணவு அமைச்சராகப் பொறுப்பேற்றிருந்த ரஃபி அகமது கித்வாய். அலிகரில் பயின்று விடுதலைப் போரில் சிறை சென்ற இப்பெருமகனை நம் இளைஞர் இன்று அறியார் என்பது வருத்தத்திற்குரியது. அஞ்சிய அளவுக்கு விலை ஏறவில்லை. பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. 1954க்குள் நாடு முழுவதும் கட்டுப்பாடு அகன்றது. அவ்வாண்டு அக்டோபரில் கித்வாய் காலமானார்.

1947இல் தோற்றது 1952இல் ஏன் வென்றது? இராஜாஜியின் துணிவையே பலர் காரணமாகக் கூறுவர். அது பாதி உண்மை. 1951இல் அமெரிக்கா 19 கோடி டாலர் கடனுக்குக் கோதுமை தந்திருந்தது. வேறு இறக்குமதிகளும் இருந்தன. அரசின் கையில் இருப்பு உண்டு என்பதை வணிகர் அறிந்திருந்தனர். இனிப் பதுக்கினால் நட்டம் என்னும் கணக்கை அவர்களுக்குக் கற்பித்தது அந்த இருப்பே. சந்தையின் உரிமையைப் போற்றுவோர் கிடங்கை மறக்கின்றனர். கிடங்கைப் போற்றுவோர் சந்தையை மறக்கின்றனர்.

இவ்வழக்கு நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயிக்குமாறு மக்கள் வேண்டினர். எவருக்கும் அநீதி இழைத்தவராக இறைவனைச் சந்திக்க விரும்பாத நபிகள் நாயகம் (ஸல்) அதற்கு இணங்கவில்லை. இதனை மட்டும் படித்துவிட்டு, அரசு எக்காலத்தும் தலையிடலாகாது என்று வாதிடும் மாணவரை வகுப்பில் ஆண்டுதோறும் காண்கிறேன். ஹிஜ்ரி 728இல் மறைந்த இப்னு தைமிய்யா இதனை நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். பண்டம் குறைந்தோ, வாங்குவோர் பெருகியோ விலை ஏறினால் விற்பவரைக் கட்டாயப்படுத்துவது அநீதி. மக்களுக்கு இன்றியமையாததை முடக்கி வைத்து விலை ஏற்றினால், நியாய விலைக்கு விற்கச் செய்வது அரசின் கடமை. விலை எவ்வளவு என்பதற்கு முன், விலை ஏன் ஏறியது என்பதே அவர் கேட்ட கேள்வி. 1948இலும் 1952இலும் அரசுகள் அக்கேள்வியைக் கேட்டனவா என்று ஆராய்வோர் இன்றும் குறைவு.

விலங்கு முழுதும் கழன்றுவிடவும் இல்லை. நெல்லுக்கு விடுதலை கிடைத்த சில ஆண்டுகளில் ஆலைக்கு உரிமம் வந்தது. கைக்குத்தலால் பிழைத்த ஏழைப் பெண்களைக் காக்கும் நல்லெண்ணத்துடன் 1958இல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. புதிய ஆலைக்கு அனுமதி, நடத்த உரிமம் என்று ஆலைக்காரர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்த இராஜாஜி, ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று சாடியது இத்தகைய ஆட்சிமுறையைத்தான். 1965-66 வறட்சி, கிடங்கின் தேவையை மீண்டும் உணர்த்தியது. 1965 சனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் காவிரிப் படுகையின் தஞ்சாவூரில் அமைந்தது.

ஆலைச் சட்டம் 1997இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் உரலும் உலக்கையும் நம் வீடுகளிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆகியிருந்தது.